லூதரின் ஆன்மகுரு ஸ்டவ்பிட்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினாறாம் நூற்றாண்டில் ஜெர்மனியில் திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதரைப் பற்றிப் பேச்சு வந்தால், மடத்தில் அவருக்கு ஆறுதல் சொன்ன ஒரு மூத்த துறவியின் பெயரும் கூடவே வரும். உடனே கேள்விகள் தொடங்கிவிடும். கத்தோலிக்க நண்பர்கள் ஒரு பக்கமிருந்து கேட்பார்கள், லுத்தரன் சபை நண்பர்கள் இன்னொரு பக்கமிருந்து கேட்பார்கள். சுற்றிச் சுற்றி அதே சந்தேகங்கள்தான். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டு, பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

இந்த ஸ்டவ்பிட்ஸ் யாருங்க? பேரே கேள்விப்பட்டதில்லையே.

யோஹான் ஃபான் ஸ்டவ்பிட்ஸ். ஏறக்குறைய 1460-இல், ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில், லைஸ்னிக் அருகே மோட்டர்விட்ஸ் என்ற ஊரில் ஒரு பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர். கொலோனிலும் லைப்சிக்கிலும் படித்துவிட்டு, மியூனிக்கில் அகுஸ்தினார் சபையில் துறவியானார். 1497-இல் டூபிங்கனுக்கு அனுப்பப்பட்டார். 1500-இல் அங்கே இறையியலில் டாக்டர் பட்டம் வாங்கினார். யோபு புத்தகத்தை வைத்து அவர் அங்கே செய்த பிரசங்கங்கள் இன்றும் இருக்கின்றன.

1502-இல் சாக்சனியை ஆண்ட ஃபிரெடரிக் விட்டன்பர்க்கில் ஒரு புதுப் பல்கலைக்கழகம் தொடங்கினார். அதற்குக் கைகொடுத்தவர்களில் முக்கியமானவர் இவர். இறையியல் துறையின் முதல் தலைவரும் இவரே. அடுத்த வருடமே, ஜெர்மனியில் கடுமையான ஒழுங்கைக் கடைப்பிடித்த அகுஸ்தினார் மடங்களுக்கெல்லாம் விகார் ஜெனரல், அதாவது தலைமை மேற்பார்வையாளர் ஆக்கப்பட்டார். ஆக, லூதர் என்ற பெயர் வெளியே தெரியும் முன்பே இவர் பெரிய ஆள்.

ஃபிரையர்னா மடத்துல இருக்கிற மங்க் மாதிரிதானே? ரெண்டும் ஒண்ணுதானா?

இல்லை. பெனடிக்டைன் துறவி ஒரு மடத்தில் சேர்ந்தால் பொதுவாக ஆயுள் முழுக்க அந்த மடத்துக்காரர். நிலபுலன், ஜெபநேரம், மடாதிபதி என்று எல்லாம் அந்த ஒரு வளாகத்தோடு பிணைந்தது. அகுஸ்தினார், பிரான்சிஸ்கன், தொமினிக்கன் துறவிகள் இரந்துண்ணும் சபைகளைச் சேர்ந்தவர்கள்; இவர்களைத்தான் ஃபிரையர் என்பார்கள். நகரத்துக்குள் இருப்பார்கள், பிரசங்கம் செய்வார்கள், பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துவார்கள், மேலிடம் சொன்னால் ஊர் விட்டு ஊர் போவார்கள். ஸ்டவ்பிட்ஸின் வாழ்க்கையில் பாதி பயணத்திலேயே கழிந்தது. இந்த வித்தியாசத்தை நினைவில் வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

லூதரும் இவரும் எப்படிச் சந்திச்சாங்க?

லூதர் 1505 ஜூலையில் எர்ஃபர்ட் அகுஸ்தினார் மடத்தில் சேர்ந்தார். அது ஸ்டவ்பிட்ஸின் மேற்பார்வையில் இருந்த மடம். அங்கே வந்துபோகும்போது இந்த இளம் துறவி அவர் கண்ணில் பட்டார். 1508-இல் லூதர் கொஞ்ச காலம் விட்டன்பர்க்கில் பாடம் நடத்தினார். 1511-இல் அங்கேயே நிரந்தரமாக வந்துவிட்டார். அதன் பிறகுதான் நெருக்கம். வயதில் ஏறக்குறைய கால் நூற்றாண்டு வித்தியாசம். ஒரே நேரத்தில் மேலதிகாரியாகவும், பேராசிரியராகவும், பாவசங்கீர்த்தனம் (பாவங்களை வாய்விட்டுச் சொல்லி மன்னிப்புப் பெறுவது) கேட்கும் குருவாகவும் இருந்தார் ஸ்டவ்பிட்ஸ்.

லூதர் ஆறு மணி நேரம் பாவசங்கீர்த்தனம் செஞ்சாராமே, உண்மையா?

லூதரே பின்னாளில் சாப்பாட்டு மேசையில் மாணவர்களிடம் சொன்ன விஷயம் இது. மாணவர்கள் அந்தப் பேச்சுகளைக் குறித்து வைத்தார்கள். நடந்து பல வருடம் கழித்துச் சொன்னது, இன்னொருவர் எழுதியது என்பதால் மணிக்கணக்கைப் பிடித்துக்கொண்டு சண்டை போட வேண்டாம். ஆனால் அடிப்படையான விஷயத்தில் சந்தேகமில்லை. எதையாவது சொல்லாமல் விட்டுவிட்டோமோ என்று அவர் திரும்பத் திரும்பப் போய் நிற்பார். மன்னிப்பு பெற்று அறைக்குத் திரும்புவதற்குள் இன்னொன்று ஞாபகம் வரும்.

அப்படி ஒரு நாள் ஸ்டவ்பிட்ஸுக்கே பொறுமை போய்விட்டது. கிறிஸ்து உனக்கு உதவ வேண்டுமென்றால் கொலை, தெய்வநிந்தை, விபசாரம் என்று நிஜமான பாவம் ஏதாவது கொண்டு வா, இந்தச் சில்லறைக் குற்றங்களைத் தூக்கிக்கொண்டு வராதே என்ற பொருளில் சொன்னாராம். சிலர் இதைக் கேட்டு அதிர்ந்துபோகிறார்கள். எனக்கு இது நல்ல வைத்தியமாகத்தான் படுகிறது. நிஜப் பாவிகளுக்காகத்தான் நிஜ மீட்பர் இருக்கிறார் என்பதை, வாதம் பண்ணாமல் ஒரு கிண்டலில் சொல்லியிருக்கிறார்.

திட்டினது சரி, ஆறுதலா என்ன சொன்னார்?

லூதரின் பயம் பாவத்தோடு நிற்கவில்லை. யார் மீட்படைய வேண்டும் என்பதைக் கடவுள் முன்பே குறித்துவிட்டார் என்றால், நான் அந்தப் பட்டியலில் இல்லாவிட்டால் என்ன செய்வது? தவம், விழிப்பு, உபவாசம் எதுவும் இதற்குப் பதில் தரவில்லை. ஸ்டவ்பிட்ஸின் பதில் எளிமையானது. அந்தக் கேள்வியை மேலே வானத்தில் வைத்து ஆராயாதே; கிறிஸ்துவின் காயங்களைப் பார். உன்னைத் தேர்ந்துகொண்ட கடவுளின் மனம் அங்கேதான் தெரியும்.

இது சமாளிப்பதற்காகச் சொன்ன வார்த்தை அல்ல. முன்குறித்தலைப் பற்றி 1516-இல் நியூரம்பர்க்கில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலப் பிரசங்கங்களாகப் பேசி, 1517-இல் அதைப் புத்தகமாகவே வெளியிட்டவர் அவர். மனிதன் தேடிப் போகும் முன்பே கடவுள் அவனைத் தேர்ந்துகொள்கிறார். அதனால் நம்பிக்கை வைக்க வேண்டியது நம் முயற்சியின் மேல் அல்ல, அவருடைய இரக்கத்தின் மேல் என்பதுதான் அதன் சாரம். லூதரைப் பயமுறுத்திய அதே போதனைதான் ஸ்டவ்பிட்ஸுக்கு ஆறுதல்! இரண்டு பேரும் ஒரே கதவின் முன்னால்தான் நின்றார்கள். ஒருவருக்கு அது பூட்டியிருந்தது, மற்றவருக்குத் திறந்திருந்தது.

மனந்திரும்புதலைப் பற்றியும் ஒன்று சொன்னார். கடவுள்மேல் அன்பு வருவது மனந்திரும்புதலின் முடிவு என்று மற்றவர்கள் கற்பித்தார்கள். இவரோ, அன்புதான் அதன் தொடக்கம் என்றார். இந்த வார்த்தை வானத்திலிருந்து வந்த குரல்போல எனக்குள் இறங்கியது என்று லூதர் 1518 மே 30 தேதியிட்ட கடிதத்தில் ஸ்டவ்பிட்ஸுக்கே எழுதினார்.

அந்தப் பேரிக்காய் மரத்தடிக் கதை என்ன?

விட்டன்பர்க் மடத்து முற்றத்தில் ஒரு பேரிக்காய் மரம் இருந்தது. அதன் கீழ் உட்கார்ந்துதான் ஸ்டவ்பிட்ஸ், நீ டாக்டர் பட்டம் வாங்கிப் பிரசங்கம் செய்ய வேண்டும் என்று லூதரிடம் சொன்னார். லூதர் முடியாது என்பதற்குக் காரணங்களாக அடுக்கினார். இது என்னைக் கொன்றுவிடும் என்றார். பரவாயில்லை, கடவுளுக்கு மேலேயும் வேலை நிறைய இருக்கிறது, அங்கேயும் ஆலோசனை சொல்லக் கெட்டிக்கார ஆட்கள் வேண்டும் என்றார் ஸ்டவ்பிட்ஸ். இதுவும் மேசைப்பேச்சில் வருவதுதான்.

1512 அக்டோபரில் லூதர் டாக்டர் ஆனார். ஸ்டவ்பிட்ஸ் தான் வகித்த வேதாகமப் பேராசிரியர் பதவியை விட்டுக்கொடுத்தார். 1546-இல் இறக்கும்வரை லூதர் அந்தப் பதவியில் இருந்தார். மனசாட்சி நோயில் தவிக்கிறவனுக்குப் போய் வேதம் படித்துப் பாடம் சொல்லும் வேலையைக் கொடுத்ததுதான், என் கணக்கில், ஸ்டவ்பிட்ஸ் செய்த மிகப்பெரிய காரியம்.

லூதர் ரோமுக்குப் போனது இவர் அனுப்பித்தானே?

இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். கடுமையான ஒழுங்குள்ள மடங்களையும், அப்படி இல்லாத சாக்சனி மடங்களையும் ஒரே நிர்வாகத்துக்குள் கொண்டுவர ஸ்டவ்பிட்ஸ் முயன்றார். நம் ஒழுங்கு நீர்த்துப்போகும் என்று ஏழு மடங்கள் எதிர்த்தன. அவற்றில் லூதரின் எர்ஃபர்ட்டும் ஒன்று. வழக்கமான வரலாற்றின்படி, 1510-11இல் லூதர் ரோமுக்குப் போனது அந்த எதிர்ப்பை முறையிடத்தான். அதாவது, தன் குருவின் திட்டத்துக்கு எதிராகவே போனார். பயணம் 1511-12இல் நடந்தது, அனுப்பியவரே ஸ்டவ்பிட்ஸ்தான் என்று வாதிடும் அறிஞர்களும் உண்டு.

எப்படியோ, லூதர் பிறகு ஸ்டவ்பிட்ஸின் பக்கம் வந்தார், எர்ஃபர்ட்காரர்களின் கோபத்தைச் சம்பாதித்தார். 1512-இல் கொலோனில் கூடிய பொதுப்பேரவையோடு ஸ்டவ்பிட்ஸும் அந்த இணைப்புத் திட்டத்தைக் கைவிட்டார்.

95 கருத்துகளுக்கு இவர் ஆதரவா, எதிர்ப்பா?

95 கருத்துகள் என்பவை, காசு வாங்கிக்கொண்டு பாவத்தண்டனையைக் குறைப்பதாகச் சொன்ன பாவமன்னிப்புச் சீட்டு வியாபாரத்தை எதிர்த்து லூதர் எழுதியவை. அந்த வியாபாரம் ஸ்டவ்பிட்ஸுக்கும் பிடிக்காது. 1517 அக்டோபர் 31 வெளியான கருத்துகளில் முதலாவது, விசுவாசியின் வாழ்க்கை முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்கிறது. மேலே சொன்ன ஸ்டவ்பிட்ஸின் போதனையை ஒட்டி வைத்துப் படித்தால் வேர் எங்கே இருக்கிறது என்று புரியும். அந்தக் கருத்துகளுக்கு லூதர் எழுதிய விரிவான விளக்கம், போப் பத்தாம் லியோவுக்குப் போவதற்காக ஸ்டவ்பிட்ஸின் கைக்குத்தான் முதலில் வந்தது. நான் மேலே குறிப்பிட்ட மே 30 கடிதம் அதோடு இணைத்து அனுப்பியதே.

1518 ஏப்ரலில் ஹைடல்பர்க்கில் அகுஸ்தினார் சபையின் கூட்டம் நடந்தது. சபையில் ஒருவன் இப்படிப் பேசுகிறானே என்று வாயை அடைப்பதற்குப் பதிலாக, ஸ்டவ்பிட்ஸ் லூதருக்கே ஒரு பொது விவாதத்தை நடத்தும் வாய்ப்பைக் கொடுத்தார். மார்ட்டின் புசர் போன்ற இளைஞர்கள் அதைக் கேட்டுத்தான் லூதரின் பக்கம் சாய்ந்தார்கள்.

ஆக்ஸ்பர்க்ல லூதரை நட்டாத்துல விட்டுட்டு ஓடிட்டாராமே?

1518 அக்டோபரில் போப்பின் தூதரான கர்தினால் கயத்தான் ஆக்ஸ்பர்க்கில் லூதரை விசாரித்தார். துணைக்கு ஸ்டவ்பிட்ஸ் வந்தார். கருத்தை வாபஸ் வாங்கச் சொல்லி அவனுக்குப் புத்தி சொல்லுங்கள் என்று கர்தினால் கேட்டபோது, வேத அறிவில் அவன் என்னைவிடப் பெரியவன் என்று ஒதுங்கிக்கொண்டார். அப்புறம் ஒரு முக்கியமான காரியம் செய்தார்: சபைத் தலைவருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற வாக்குறுதியிலிருந்து லூதரை விடுவித்தார். கைது செய்யப்போகிறார்கள் என்ற வதந்தி பரவியது. ஸ்டவ்பிட்ஸ் ஊரை விட்டுக் கிளம்பிவிட்டார். சில நாள் கழித்து, 20-ஆம் தேதி இரவு லூதரும் நழுவினார்.

விடுவித்தது காப்பாற்றவா, கைகழுவவா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். மேலிடம் லூதரைப் பிடித்துக்கொடு என்று உத்தரவிட்டால் மறுக்க ஸ்டவ்பிட்ஸுக்கு வழி வேண்டும்; லூதருக்கும் சுதந்திரம் வேண்டும். ஆனால் லூதருக்கு அது வலித்தது. என்னை மூன்று முறை விலக்கி வைத்தார்கள். முதலில் ஸ்டவ்பிட்ஸ், அப்புறம் போப், அப்புறம் பேரரசர் என்று பிற்காலத்தில் சொன்னார். அந்த வரிசையைப் பாருங்கள்!

கோழைன்னு சொல்லிடலாமா அப்போ?

அதே 1518-இல், இன்றைய ஆஸ்திரியாவில் உள்ள சால்ஸ்பர்க்கிலிருந்து, இங்கே என்னிடம் வந்துவிடு, சேர்ந்தே வாழ்வோம், சேர்ந்தே சாவோம் என்று லூதருக்கு எழுதியவர் அவர். கோழை இப்படி எழுத மாட்டான். ஆனால் போராளியும் அல்ல. சண்டை வந்தால் பின்வாங்கும் சுபாவம், திருச்சபை பிளவுபடக் கூடாது என்ற உறுதி, வயது, உடல்நலக் குறைவு எல்லாம் சேர்ந்தன. 1520 ஆகஸ்டில் ஐஸ்லேபன் கூட்டத்தில் விகார் ஜெனரல் பதவியைத் துறந்தார். அவருடைய இடத்துக்கு வந்த வென்ட்செஸ்லாஸ் லிங்க் பின்னர் சீர்திருத்தக்காரராகவே ஆகிவிட்டார்.

போப்புக்குப் பணிஞ்சு லூதரை மறுதலிச்சாரா இல்லையா? நேரா சொல்லுங்க.

நேராகச் சொன்னால்: பணிந்தார், ஆனால் லூதரின் பெயரைச் சொல்லி மறுதலிக்கவில்லை. லூதரைக் கண்டித்து 1520-இல் போப்பின் ஆணை வந்தது. சால்ஸ்பர்க் பேராயர் கர்தினால் மத்தேயுஸ் லாங் மூலம், அந்தத் தவறுகளைத் துறப்பதாக எழுதிக் கொடு என்று ஸ்டவ்பிட்ஸை நெருக்கினார்கள். நான் சொல்லாததை நான் எப்படித் துறப்பது என்பது அவர் வாதம். கடைசியில், போப்பை நீதிபதியாக ஏற்கிறேன் என்ற அளவில் ஒப்புக்கொண்டார்.

லூதருக்கு அதுவே பெரிய அடி. போப்பின் ஆணைதான் என் போதனையைக் கண்டிக்கிறதே, அந்த நீதிபதியை ஏற்றால் என்ன அர்த்தம்? 1521 பிப்ரவரி 9 அன்று எழுதிய கடிதத்தில், இது நடுங்கும் நேரமல்ல, குரல் கொடுக்கும் நேரம் என்றார். எனக்குப் பெருமை எவ்வளவு அதிகமோ உங்களுக்குப் பணிவு அவ்வளவு அதிகம் என்றும் எழுதினார். இயேசுவின் பெயரால் நீ இதைத் தொடங்கினாய் என்பதை மறக்காதே என்று ஆக்ஸ்பர்க்கில் நீங்கள்தானே சொன்னீர்கள் என்று நினைவுபடுத்தவும் தவறவில்லை.

அகுஸ்தினார் சபையை விட்டு பெனடிக்டைன் ஆனது எதுக்கு?

இரண்டாவது பதிலில் சொன்ன வித்தியாசம் இங்கேதான் உதவும். ஊர் ஊராகச் சுற்றிய துறவி, போப்பின் அனுமதியோடு சபை மாறி, 1522 ஆகஸ்டில் சால்ஸ்பர்க் புனித பேதுரு மடத்தின் மடாதிபதி ஆனார். பழமையான, செல்வாக்குள்ள பெனடிக்டைன் மடம் அது. இதன் பின்னால் லாங்கின் கை இருந்தது. அகுஸ்தினார் மடங்களோ லூதரின் அலையில் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டிருந்தன. லூதரின் வட்டாரத்திலிருந்து ஸ்டவ்பிட்ஸைப் பிரித்துவைக்க லாங்குக்கு இதைவிடக் கௌரவமான வழி கிடைத்திருக்காது.

அதுக்கப்புறம் ரெண்டு பேரும் பேசிக்கவே இல்லையா?

கடிதத்தில் பேசினார்கள், இடைவெளி விட்டு விட்டு. 1519 அக்டோபரிலேயே லூதர், தாயிடம் பால் மறந்த குழந்தைபோல உங்களுக்காக ஏங்குகிறேன் என்று எழுதியிருந்தார். நீங்கள் என்னை விட்டுப் போவதாகக் கனவு கண்டு அழுதேன், நீங்கள் கையசைத்து, திரும்பி வருவேன் என்றீர்கள் என்றும் அதில் வரும். 1523 செப்டம்பரில், உங்கள் மௌனம் வருத்தம் தருகிறது, ஆனால் சுவிசேஷத்தின் வெளிச்சம் எங்கள் இதயத்தில் முதலில் உங்கள் மூலமாகத்தான் பிரகாசித்தது என்று எழுதினார்.

ஸ்டவ்பிட்ஸின் கடைசிக் கடிதம் 1524 ஏப்ரல் 1 தேதியிட்டது. உன்மேல் எனக்குள்ள அன்பு மாறவில்லை, ஆனால் சிலவற்றை என் மந்தபுத்தியால் புரிந்துகொள்ள முடியவில்லை, பொறுத்துக்கொள் என்கிறார். துறவியின் உடுப்பு போன்ற வெளி விஷயங்களை ஏன் இப்படித் தாக்குகிறீர்கள், அதை அணிந்து விசுவாசத்தில் வாழ்கிறவர்களும் இருக்கிறார்களே என்று கேட்கிறார். பன்றித் தவிட்டிலிருந்து எங்களை மேய்ச்சல் நிலத்துக்குக் கொண்டுவந்தாய் என்று நன்றியும் சொல்கிறார். தன்னை லூதரின் சகோதரன், சீடன் என்று குறிப்பிடுகிறார். குரு தன்னைச் சீடன் என்கிறார்! கடிதத்தைக் கொண்டுபோன இளைஞனுக்கு விட்டன்பர்க்கில் முதுகலைப் பட்டம் கிடைக்க உதவு என்ற ஒரு சிபாரிசும் அதில் உண்டு. அந்த வருடம் டிசம்பர் 28 அன்று சால்ஸ்பர்க்கில் இறந்தார்.

அவர் வீட்டுல யாரும் லூதர் பக்கம் போகலையா?

போனார்கள். தங்கை மக்தலேனா நிம்ப்ஷன் கன்னியர் மடத்தில் இருந்தார். 1523 ஈஸ்டர் சமயத்தில் அங்கிருந்து தப்பி வந்த கன்னியர் கூட்டத்தில் இவரும் ஒருவர். லூதரை மணந்த கத்தரீனா ஃபான் போராவும் அதே கூட்டத்தில்தான் வந்தார். மக்தலேனா பின்னர் கிரிம்மாவில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார்.

கொள்கையில ரெண்டு பேருக்கும் அப்படி என்ன வித்தியாசம்? கேட்டா ஒரே மாதிரி இருக்கே.

கிருபையின் விஷயத்தில் மிக நெருக்கம். அருள் நம்மைக் கடவுளுக்குப் பிரியமானவர்களாக்குகிறது என்பது அக்காலப் பொதுப் போதனை. ஸ்டவ்பிட்ஸ் திருப்பிப் போட்டார்: கடவுளை நமக்குப் பிரியமானவராக்குவதுதான் அருள். கிறிஸ்துவும் ஆன்மாவும் மணமக்கள்போல ஒருவர் உடைமையை மற்றவர் ஏற்கிறார்கள், நம் பாவம் அவருடையதாகிறது, அவர் நீதி நமதாகிறது என்றும் எழுதினார். லூதரின் எழுத்திலும் இதே உருவகம் உண்டு.

பிரியும் இடம், அன்பா விசுவாசமா என்பது. ஸ்டவ்பிட்ஸுக்கு எல்லாம் கடைசியில் கடவுளை அன்பு செய்வதில் போய் நிற்கும். லூதருக்கு எல்லாம் வாக்குறுதியை நம்புவதில் நிற்கும். பூசை, துறவு வாக்கு, போப்பின் அதிகாரம் ஆகியவற்றை ஸ்டவ்பிட்ஸ் அப்படியே வைத்துக்கொண்டார், அவற்றின் மேல் பாரத்தை ஏற்றவில்லை, அவ்வளவுதான். லூதர் அந்தத் தூண்களையே அசைத்தார்.

அப்போ அவரை எந்தப் பக்கம் சேர்க்கிறது? ரகசிய லூத்தரன்னு சொல்றாங்களே.

ரகசியமாக எதுவும் இல்லை. 1523-இல் ஸ்டெஃபான் அக்ரிகோலா என்ற அகுஸ்தினார் துறவி சீர்திருத்தப் போதனைக்காகச் சால்ஸ்பர்க் பேராயரின் சிறையில் இருந்தபோது, அவருடைய அறிக்கையைப் பற்றி ஸ்டவ்பிட்ஸிடம் கருத்துக் கேட்டார்கள். அதற்கு அவர் ஆதரவாக எழுதவில்லை. கத்தோலிக்கராகவே வாழ்ந்தார், மடாதிபதியாகவே இறந்தார். இருந்தும் 1559-இல் நான்காம் பவுல் போப் வெளியிட்ட தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலில் இவர் பெயர் ஏறியது. இறந்து முப்பத்தைந்து வருடம் கழித்து! அந்தத் தடை அவருடைய போதனைக்குக் கிடைத்த தண்டனையைவிட, அவருடைய மாணவனுக்குக் கிடைத்த தண்டனை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

லூதரோ, இறப்பதற்கு முந்தைய வருடமான 1545-இல்கூட, இந்தப் போதனையில் என் தகப்பன் ஸ்டவ்பிட்ஸ், அவர்தான் என்னைக் கிறிஸ்துவில் பெற்றெடுத்தார் என்று எழுதினார். அதற்காக அவரை லூத்தரன் பட்டியலில் சேர்த்துவிடக் கூடாது. அப்பா பிள்ளையின் கட்சியில் இருந்தே தீர வேண்டும் என்று எந்த வீட்டில் சட்டம் இருக்கிறது?

அவர் எழுதினதுல எதைப் படிக்கலாம்?

கிறிஸ்துவின் மனமுவந்த மரணத்தைப் பின்பற்றுவது பற்றி 1515-இல் மான்ஸ்ஃபெல்ட் சீமாட்டி ஆக்னஸுக்கு அர்ப்பணித்து எழுதியது ஒன்று. முன்குறித்தல் பற்றிய 1517 நூல் இன்னொன்று. அதை நியூரம்பர்க் வழக்கறிஞர் கிறிஸ்டோஃப் ஷொய்ர்ல் உடனே ஜெர்மனில் மொழிபெயர்த்தார். அந்த ஊரில் இவருடைய பிரசங்கத்தைச் சுற்றி ஒரு ரசிகர் வட்டமே இருந்தது, ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரரும் அதில் ஒருவர். கடவுளின் அன்பு பற்றிய நூல் 1518-இல் வந்தது. விசுவாசம் பற்றிய சிறுநூல் அவர் இறந்த பிறகு, 1525-இல் வெளியானது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் கடவுளின் அன்பு நூலிலிருந்து தொடங்குவது நல்லது. அதில் சண்டை எதுவும் இல்லை. முன்குறித்தல் நூலை அதற்கு அப்புறம் எடுங்கள். லூதரின் ஆரம்பகாலக் கடிதங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால், எந்த வரி யாருடையது என்று பல இடத்தில் தடுமாறுவீர்கள்.